தினமும் வருகிற பிஞ்சு

ஜனவரி 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. உன் மூச்சிரைப்புக்கு மருத்துவரிடம் போனாயா, இல்லை, போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாயா? ஐம்பத்தெட்டு வயதில் உன்னைப் பாப்பா என்று கூப்பிட இனி நான் ஒருத்திதான். உன் அண்ணன் இருந்தவரை இரண்டு பேர்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ முழுப் பதிலும் சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் தொழிற்சாலைக்கு அரசாங்கத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நாட்டின் விவசாயத் தொழில்களில் எது வெளிநாட்டுச் சந்தையில் போட்டி போடும், எது வளரும் என்று இருபத்துமூன்று தொழில்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்களாம். கழுத்துப்பட்டையோடு உப்புநீர்த் தொட்டியின் மேல் குனிந்தார். பட்டை உள்ளே போய்விட்டது. அதைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"உங்க போட்டித்திறன் என்னன்னு சொல்ல முடியுமாங்க?"

"வெள்ளரிப் பிஞ்சு ராத்திரியில வளரும் தம்பி. இன்னிக்குச் சுண்டுவிரல், நாளைக்குக் கட்டைவிரல். ஒரு நாள் தப்பினா பிஞ்சு இல்ல, காய். வாங்கறவங்க ஊர்ல வருஷத்துக்கு ஒரு தடவைதான் விளையும். இங்க மூணு தடவை. குனிஞ்சு ஒவ்வொண்ணாப் பறிக்கத் தெரிஞ்ச நூத்திருபது குடும்பம் நம்மகிட்ட இருக்கு. காலைல பறிச்சது சாயங்காலம் உப்புநீர்ல இருக்கும். போதுமா, இன்னும் வேணுமா?"

அவர் ஒரே வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'உழைப்பு மலிவு' என்றிருந்தது. "அதை அடிச்சிட்டுக் கைத்திறன்னு எழுதுங்க" என்றேன். அடித்தார். நான் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன், வேறு என்ன செய்வார்?

அறிக்கை வந்துவிட்டது. இருபத்துமூன்றில் நாம் பத்தொன்பது. காரணம் இப்படி எழுதியிருக்கிறார்கள்: 'பொருள் பீப்பாயில் போகிறது. அங்கே வேறொருவர் பாட்டிலில் அடைத்துத் தன் பெயரை ஒட்டிக்கொள்கிறார். வாங்கி உண்பவருக்கு இது எங்கே விளைந்தது என்று தெரியாது. வளர்ச்சி வாய்ப்பு குறைவு.'

உட்காரத் தோன்றாமல் நின்றபடியே படித்தேன். கோபம் வந்தது. கோபம் இறங்கியதும், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தெரிந்தது. உன் அண்ணன் இந்தக் கொட்டகையைப் போட்டு இருபத்தாறு வருடம். எத்தனை கப்பல் போயிருக்கும்! ஒரு பிஞ்சாவது நம் பெயரில் போனதா?

அதனால் பாட்டிலில் அடைக்கப் போகிறேன். இயந்திரம் வந்துவிட்டது. லேபிளும் அச்சாகிவிட்டது. மேலே பெரிய எழுத்தில் நம் நாட்டின் பெயர், கீழே சின்னதாக நம் தொழிற்சாலை. நீ இருக்கிற நாட்டில் உன் கம்பெனி கடைகளுக்குப் புதுச் சரக்கு எடுக்கும்போது மாதிரி பார்க்கிற அறையில்தானே நீ இருக்கிறாய்? எத்தனை பாட்டில், எந்தத் தேதிக்குள், யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுது. சலுகை கேட்கவில்லை. கேட்டாலும் நீ செய்யமாட்டாய் என்று தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முழங்காலுக்கு என் அனுதாபம், மாடிப்படிக்கு அதைவிட அதிகம். மருத்துவரிடம் போய்வந்தேன். படி ஏறாதீர்கள் என்றார். மாதிரிச் சரக்கைச் சுவைக்கிற எங்கள் அறை மூன்றாவது மாடி, லிஃப்டுக்கு என்னைவிட வயது அதிகம். இருவரும் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கழுத்துப்பட்டை இடத்தை மட்டும் ஆறு தடவை.

கேட்டதற்குப் பதில். புதுப் பெயருக்கு அலமாரியில் இடம் கொடுப்பது வருடத்துக்கு ஒரே தடவை. பன்னிரண்டு பாட்டில், மார்ச் இருபதுக்குள். லேபிள் ஒட்டாமல் வர வேண்டும். இங்கே எண் மட்டும் போடுவார்கள். நான்கு பேர் தனித்தனியாகச் சுவைத்து மதிப்பெண் போடுவோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒப்பந்தக் காலம் முடியும்வரை உறைக்குள் இருக்கும். ஒரு தொழிற்சாலைக்காரர் எனக்கு அண்ணி என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "எண்ணைப் பார்த்தால் அண்ணி தெரியமாட்டார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவரை நாங்கள் 'தராசு' என்போம். சிரிக்கும்போதுகூட இரண்டு பக்கமும் சமமாகச் சிரிப்பார்.

ஒன்று மட்டும் அண்ணி, தயவுசெய்து கேளுங்கள். தினமும் வருகிற சரக்கிலிருந்து அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை என்ன வருகிறதோ, அது. இங்கே அழகைத் தேடவில்லை. அடுத்த வருடமும் இதேதான் வருமா என்றுதான் தேடுகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பா


மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

லிஃப்டும் நீயும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. முழங்காலுக்கு அது பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு பாட்டில் இன்று காலை விமானத்தில் ஏறின. நீ பார்க்கும்போது என்னை நினைத்துக்கொள். ஒவ்வொன்றிலும் முப்பத்துநான்கு. ஒரே உயரம், ஒரே பருமன், ஒரே பச்சை. கான்வென்ட்டில் காலை வணக்கத்துக்கு நாங்கள் நிற்போமே, ஒருத்தியின் பின்னலும் வரிசை விட்டு வெளியே தெரியாமல், அப்படி நிற்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கலங்கல் இல்லை, ஒரு விதை மிதக்கவில்லை. என் எழுபத்தொரு வயதில் இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

இரண்டு நாளாக விரலெல்லாம் உப்பில் ஊறிச் சுருங்கிக் கிடக்கிறது. பேனா வழுக்குகிறது. அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டீர்களா? சரி.

முதல் இடம்.

ஒன்பது நாடுகளிலிருந்து வந்தவற்றில் முதல் இடம். நேற்று எண்களைப் பிரித்துப் பெயர் படித்தார்கள். நம் நாட்டின் பெயரைத் தராசு வாசித்தபோது எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "பிஞ்சா இது, இயந்திரத்தில் செய்ததா?" என்று கேட்டார். மூன்று பேர் முழு மதிப்பெண் கொடுத்ததாகத் தராசே சொல்லிவிட்டார்.

நாற்பதாயிரம் பாட்டில், செப்டம்பர் கடைசிக்குள். அது நன்றாகப் போனால் அடுத்த வருடம் மூன்று மடங்கு. ஒப்பந்தம் தனித் தபாலில் வரும்.

விதி ஒன்று உண்டு. தேர்வான மாதிரியில் இரண்டு பாட்டிலுக்கு முத்திரை வைத்துக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். வருகிற ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தால் பெட்டி திரும்பி வரும்.

அண்ணி, அந்தப் பாட்டில்களில் இருப்பதுதான் அங்கே தினமும் வருகிறதா?

பாப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கொட்டகையில் எல்லோரையும் நிறுத்தி வாசித்தேன். தரம் பிரிக்கும் மேசைக்குத் தலைவி இருக்கிறாளே, நீ இங்கே இருந்தபோது குரலே வராத ஒல்லிப் பெண்ணாகச் சேர்ந்தவள், அவளை இப்போது எல்லோரும் கர்னல் என்கிறார்கள். அந்தக் கர்னல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோட்டக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்களில் இரட்டைக் கிணற்றுக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நம்ம ஊருப் பேரை அவங்க படிப்பாங்களாம்மா?" என்று கேட்டார். "ஊர் இல்லை, நாடு" என்றேன். "ஏதோ ஒண்ணு, நம்மளோடதுதானே" என்றார்.

கழுத்துப்பட்டை ஆய்வாளர் போன் செய்தார். அடுத்த அறிக்கையில் நம்மைப் பற்றித் தனிப் பக்கம் போடுவாராம். "எழுதி என்கிட்ட காட்டிட்டுப் போடுங்க" என்றேன்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வேலை தலைக்கு மேலே இருக்கிறது. நீ கேட்டிருந்ததற்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோருக்கும் என் அன்பு. கர்னலுக்குத் தனியாக ஒரு சல்யூட்.

நான் கேட்டதற்கு ஆமாம் அல்லது இல்லை, ஒரு சொல் போதும். உறைமேல் முகவரிக்கே அதைவிட அதிகம் எழுதுகிறீர்கள்.

பாப்பா


ஜூன் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடைசிக் கடிதம் ஐந்து வாரமாக மேசைமேல் இருக்கிறது. அதன்மேல் வேறு காகிதங்களை வைத்தேன். ஒவ்வொரு நாளும் எப்படியோ அதுவே மேலே வந்துவிடுகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இல்லை. அதுதான் பதில்.

அந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் நான்தான் பொறுக்கினேன். மூன்று நாள், இரண்டு டன் பிஞ்சு. அதிலிருந்து நானூற்று எட்டு. நீ 'செவ்வாய்க்கிழமை வருவதை அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தாய். நான் செவ்வாய், புதன், வியாழன் மூன்றையும் சலித்து எடுத்தேன். கர்னல் என் எதிரில் நின்று, "அம்மா, பிஞ்சு பொறுக்கறீங்களா, மாப்பிள்ளை பொறுக்கறீங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லதைக் காட்டுவதில் என்ன தவறு, விருந்தாளிக்குக் கிழிந்த விரிப்பையா போடுவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் நம் தோட்டத்துப் பிஞ்சுதானே, இதில் பொய் எங்கே என்றும் சொல்லிக்கொண்டேன். பத்தொன்பதாம் இடம் என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது, பாப்பா. உண்மை அவ்வளவுதான்.

மே மாதத்தில் முதல் பெட்டிகளுக்கான வேலையைத் தொடங்கினோம். சின்னப் பிஞ்சு நூறில் அந்த முத்திரை மாதிரிக்கு ஈடாக நிற்பது ஒன்பது. மீதியில் எந்தக் குறையும் இல்லை. அதே மொறுமொறுப்பு, அதே நிறம், கொஞ்சம் வளைவு, அவ்வளவுதான். செப்டம்பர்வரை எல்லாத் தோட்டத்தையும் சேர்த்தாலும் பன்னிரண்டாயிரம் பாட்டில்தான் தேறும். சரி, மீதியைப் பழையபடி பீப்பாயில் போடலாம் என்றால், பீப்பாய் வாங்குகிறவர் வந்து கையை விட்டுப் பார்த்தார். "நேரா இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு கோணலை மட்டும் எனக்கு ஒதுக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதனால் நான் வளைந்ததை வாசலிலேயே திருப்பி அனுப்ப ஆரம்பித்தேன். இருபத்தாறு வருடமாக நாம் வாங்கிய பிஞ்சை, தோட்டத்திலேயே வளைவு பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். போன வாரம் இரட்டைக் கிணற்றுக்காரரின் ஆறு கூடையில் நான்கு திரும்பியது. அவர் சத்தம் போடவில்லை. ஒரு பிஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது நேத்துக் காலைல பூவுல இருந்ததும்மா. கொடி எந்தப் பக்கம் இடம் விட்டுச்சோ அந்தப் பக்கம் திரும்பிச்சு. இதுல நான் என்ன தப்புப் பண்ணேன்?"

அவர் கூடைகளை அடுக்கிக்கொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அவரைத் தொடர்ந்து பதினாறு பேர் வரவில்லை. கர்னல் மேசையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மூணு நாள் நீங்க பொறுக்கினதை வருஷம் முழுக்க நாங்க பொறுக்கணும் போல இருக்கு."

என் கையிலிருந்த பிஞ்சைக் கடித்துப் பார்த்தேன். சத்தம் கொட்டகையின் அந்தக் கோடிவரை கேட்டது.

அதனால் உன் கம்பெனிக்கு நேற்று எழுதிவிட்டேன். நகல் இத்துடன். 'முத்திரை வைத்த பாட்டில்கள் எங்கள் தோட்டத்தில் விளைந்தவை. ஆனால் எங்கள் தோட்டத்தின் ஒரு நாளைக் காட்டுபவை அல்ல. நானே தனியாகப் பொறுக்கியவை. அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு நாள் சரக்கிலிருந்து வேறு பாட்டில்கள் அனுப்புகிறேன். அவற்றைச் சுவைத்துவிட்டு ஒப்பந்தம் நிற்குமா என்று சொல்லுங்கள். ரத்து செய்தால் அது உங்கள் உரிமை. தவறு என்னுடையது, பிஞ்சினுடையது அல்ல.' இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதினேன். கெஞ்சுவது போல ஒரு வரிகூட இல்லையே? பார்த்துச் சொல்.

எனக்காக அங்கே நீ ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. பேசினதாகக் கேள்விப்பட்டால் உனக்குக் கடிதமே எழுதமாட்டேன்.

உன் அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்கு முதலில் ஒரு வணக்கம். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உங்களுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிஞ்சுக்காகப் பேசினேன். அதற்குத் தடை ஏதும் நீங்கள் எழுதவில்லை.

தராசு உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தார். பிறகு கொள்முதல்காரர், "காட்டினதைத் தர முடியலைன்னா ரத்து பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது, அண்ணி. நானும் அந்த இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்பேன். தராசு மட்டும், "கப்பல் வந்த பிறகு சாக்குச் சொல்றவங்களைத் தினமும் பார்க்கிறேன். கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி குத்தத்தை ஒத்துக்கறவங்களை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மதிப்பெண் உறையைக் கொண்டுவரச் சொல்லி எல்லோர் முன்னாலும் பிரித்தார்.

இனி மறைக்க விதி இல்லை, சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் முழு மதிப்பெண் போட்டார்கள். நான்காவது ஆள் நான். சுவைக்கும் நிறத்துக்கும் மொறுமொறுப்புக்கும் முழுசாகப் போட்டேன். 'தினமும் இப்படி வருமா' என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். அதில் இருபதுக்கு மூன்று போட்டேன். பக்கத்தில் எழுதியிருந்தேன்: 'இது ஒரு நாள் சரக்கு அல்ல. மிகுந்த பொறுமை உள்ள ஒருவர் உட்கார்ந்து பொறுக்கியது. சாதாரண நாளின் பாட்டிலைக் கேட்டு வாங்கவும்.' மொத்தக் கூட்டுத்தொகையில் அந்த மூன்று காணாமல் போய்விட்டது. குறிப்பை யாரும் படிக்கவில்லை.

பாட்டிலில் எண்தான் இருந்தது. ஆனால் மூடியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்திலேயே இப்படி வரிசை கட்டி நிறுத்தக்கூடிய ஆள் ஒருவர்தான். வீட்டில் ஸ்பூன்களையே அப்படித்தானே அடுக்குவீர்கள்?

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது, சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அது ஒரு காரணம். கேள்வியாகக் கேட்டேன். நீங்களாகச் சொல்வீர்கள் என்று எழுபது நாள் காத்திருந்தேன். சொல்லாமல் விட்டிருந்தால், முதல் பெட்டியைத் திருப்பி அனுப்பும் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நான்தான். போட்டிருப்பேன். அந்தக் கையெழுத்தைப் பலமுறை மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். கீழே இருக்கிற எங்கள் கடைக்குப் போய், பத்து வருடமாக நாங்கள் விற்கிற மூன்று பெயர்களில் ஒவ்வொரு பாட்டில் வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன். "இதில் எத்தனை நேராக இருக்கிறது, எண்ணுங்கள்" என்றேன். கொள்முதல்காரரே எண்ணினார். முப்பத்துநான்கில் பதினொன்று. அடுத்ததில் பத்து. மூன்றாவதை எண்ணாமல் வைத்துவிட்டார். எந்த லேபிளிலும் எங்கே விளைந்தது என்று இல்லை. நம்முடையதாகக்கூட இருக்கலாம், அண்ணி.

முடிவு இது. முத்திரைப் பாட்டில்கள் வெளியே வந்துவிட்டன. ஒப்பந்தம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்து இல்லை, உறுதியும் இல்லை. ஒரே நாளின் ஓட்டத்திலிருந்து பன்னிரண்டு பாட்டில், ஆகஸ்ட் பதினைந்துக்குள். உரிமையாளர் அல்லாத ஒருவர் எடுக்க வேண்டும். இந்தத் தடவை எண்களுக்குப் பின்னால் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் என்னைச் சுவைக்க விடமாட்டார்கள். அதுதான் நியாயம்.

உங்கள் கடிதத்தில் கெஞ்சல் இல்லை. ஒரே ஒரு இடத்தில் குரல் லேசாக நடுங்குகிறது. அந்த இடம் எனக்குத்தான் தெரியும்.

நன்றாக இருங்கள்.

பாப்பா


ஆகஸ்ட் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று எழுது, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இங்கே மழை வந்து போய்விட்டது. கொடிகள் பந்தலைத் தாண்டி நிற்கின்றன.

இருபதுக்கு மூன்று. பள்ளியில் தையலுக்குக்கூட எனக்குப் பதினொன்று போட்டார்கள், அதற்கே ஒரு வாரம் அழுதேன். உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கமாட்டேன். அன்று சாயங்காலம்வரை உன்னை மனதுக்குள் திட்டினேன். பிறகு யோசித்தேன். மூன்று பேர் கொடுத்த முழு மதிப்பெண் பிஞ்சுக்குப் போகிறது. அந்த மூன்று மட்டும்தான் எனக்கென்று கொடுத்தது, சரியாகவும் கொடுத்தது. இந்த வீட்டிலிருந்து போன பெண் ஒருத்தி, சொந்த அண்ணிக்கு மூன்று போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று கர்னலிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எப்படி இருந்ததோ தெரியாது. "அம்மா, இதுக்குத் திட்டறீங்களா, பெருமைப்படறீங்களா?" என்று கேட்டாள்.

இரட்டைக் கிணற்றுக்காரர் வீட்டுக்கு நானே போனேன். முழங்கால் வழியெல்லாம் முறையிட்டது. "உங்க பிஞ்சுல தப்பு இல்லை, என் கண்ணுலதான்" என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அடுத்த நாள் ஆறு கூடையும் வந்தது. பதினாறு பேரும் வந்தார்கள். பாட்டிலை எடுக்கிற ஆளாக அவரையே கேட்டுக்கொண்டேன். "எனக்கு எந்தப் பாட்டில் நல்லதுன்னு தெரியாதும்மா" என்றார். "அதனாலதான் உங்களைக் கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை எடுத்தோம். இயந்திரத்தின் ஓடும் பட்டையில் வருகிற ஒவ்வொரு நூறாவது பாட்டிலையும். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே வரக் கூடாது என்று கர்னல் கட்டளை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை.

பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கவிட்டார்கள். வரிசை இல்லை. ஒன்று இன்னொன்றின் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது பாட்டிலில் ஒரு பிஞ்சு அரைவட்டமாக வளைந்து, கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்கிறது. அதை எடுத்துவிட்டு வேறு வைக்கக் கை போய்விட்டது. இரட்டைக் கிணற்றுக்காரர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூடியில் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் என்ன முடிவு செய்தாலும் சரி என்று எழுதத்தான் ஆசை. அது உண்மையாக இருக்காது. எனக்கு வேண்டும், பாப்பா. நூற்றிருபது குடும்பத்துக்கும் வேண்டும். இந்த நாடு எதை விளைவிக்கிறதோ அது அதன் பெயரோடு போக வேண்டும். ஆனால் வாங்குகிறவர்கள் உள்ளதைப் பார்த்துவிட்டு வாங்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். படி ஏறும்போது பேசாதே.

உன் அண்ணி


நவம்பர் 23

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாகத் தூங்குகிறேன். லிஃப்டை மாற்றிவிட்டார்கள், அதனால் மூச்சும் நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்காலும் கர்னலும் எப்படி?

முடிவெல்லாம் உங்களுக்கு ஆகஸ்டிலேயே தெரிந்ததுதான். முதல் இடம் போய் மூன்றாம் இடம். நாற்பதாயிரத்துக்குப் பதில் இருபத்தையாயிரம். கண்மட்டத்து அலமாரி போய், குனிந்து எடுக்க வேண்டிய கீழ்த்தட்டு. அன்று போனில் நீங்கள் "மூன்றாம் இடமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "நம்முடைய மூன்றாம் இடம்" என்றீர்கள். அதைத் தராசிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தார். வந்த பெட்டிகளில் இன்றுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை என்பதையும் அவர்தான் உங்களுக்கு எழுதச் சொன்னார்.

இன்று காலை கடைக்குப் போனேன். பாட்டில்கள் வைத்த முதல் நாள். வாங்க வந்தவள் போல ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, அரை மணி நேரம் ஒரு சோப்புப் பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தேன். சோப்பில் என்ன சேர்க்கிறார்கள் என்று இப்போது மனப்பாடம். ஐந்து பேர் தாண்டிப் போனார்கள். ஒருவரும் குனியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, கீழ்த்தட்டை யார் கண்டுபிடித்தார்கள் என்று.

ஆறாவதாக ஒரு பெண் வந்தார். உங்கள் வயது இருக்கும். கூடவே பேத்தியோ மருமகளோ ஒரு பெண். பெரியவர் நின்றார். ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீங்கள் பிடிப்பீர்களே, அதே மாதிரி. கூட வந்தவள், "இது வளைஞ்சிருக்கே, அந்தப் பக்கம் இருக்கிறதை எடுத்துக்கலாமே" என்றாள்.

"தோட்டத்துல விளைஞ்சதுன்னா வளையத்தான் செய்யும்" என்றார் பெரியவர்.

அப்புறம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, லேபிளைப் பார்த்தார். மேலே இருந்த பெரிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி, நம் நாட்டின் பெயரை வாய்விட்டு வாசித்தார். அந்தப் பெயரை அவர் அதற்கு முன்னால் சொல்லியே இருக்கமாட்டார். நடுவில் தடுக்கிற்று. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, இரண்டு பாட்டிலை வண்டியில் வைத்துக்கொண்டார்.

அன்புடன்,
பாப்பா